ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வர: மனத்தில் நிற்கும் இணையத்தளம் அமைப்பது எப்படி?

சிராங்கூன் சாலையில் அடுத்தடுத்து நான்கு மளிகைக் கடைகள் இருந்தாலும், நம் வீட்டுப் பெரியவர்கள் அவற்றில் ஒன்றைத்தான் தேடிப் போவார்கள். காரணம் கேட்டால், “கேட்டது அங்கே கிடைக்கும்” என்பார்கள். கடையின் பெயர்ப்பலகை என்ன நிறம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எந்த அலமாரியில் எந்தப் பருப்பு இருக்கிறது என்பது தெரியும்.

இணையத்தளத்திற்கும் இதே கணக்குத்தான். இன்று லிட்டில் இந்தியாவின் கடைகள் முதல் கோயில்கள், சங்கங்கள், துணைப்பாட நிலையங்கள் வரை பலரும் இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். தொடக்க விழா சிறப்பாக நடக்கும். முதல் வாரம் உறுப்பினர்கள் எல்லாரும் போய்ப் பார்ப்பார்கள். மூன்று மாதம் கழிந்தால் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒருமுறை வந்தவரை மறுமுறை வரவைப்பது எது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதல் தமிழ்ப் பக்கங்கள் சிங்கப்பூரில்

இணையத்தில் தமிழுக்கு இடம்பிடித்துக் கொடுத்ததில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1995 அக்டோபரில், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் தொடங்கி வைத்தார். நான்கு அதிகாரத்துவ மொழிக் கவிதைகளும் இடம்பெற்ற அந்தத் தளத்தில் தமிழ் எழுத்துகளும் திரையில் தெரிந்தன. எழுத்தாளரும் தேசிய கல்விக்கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ ஆகியோரின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது.

1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. கோவிந்தசாமி 1999ல் மறைந்தார். 2000ஆம் ஆண்டு மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதைத் தரவிறக்கம் செய்யாதவருக்குத் திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். ஆர்வமாக வந்தவர்கூட அதைக் கண்டதும் போய்விடுவார். யூனிகோடு முறை பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. வந்தவரால் சிரமமின்றிப் படிக்க முடியவேண்டும் என்பது அப்போதே கிடைத்த பாடம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயர் வாயில் நிற்கவேண்டும்

நினைவில் நிற்பதற்கு முதல் படி முகவரி. இதில் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் மூன்று, நான்கு விதமாக எழுதுகிறோம். ழகரம் வந்தால் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். நெடில் வந்தால் ஓர் எழுத்தா, இரண்டு எழுத்தா என்ற குழப்பம். சங்கத்தின் முழுப் பெயரையும் முகவரியாக வைத்தால், செயலாளருக்கே தடுமாற்றம் வரும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முகவரியைத் தொலைபேசியில் ஒருமுறை சொல்லுங்கள். கேட்டவர் எழுத்துக்கூட்டிக் கேட்காமல் சரியாகத் தட்டச்சு செய்தால் பெயர் தேறிவிட்டது. இல்லையென்றால் சுருக்குங்கள்.

தமிழிலேயே முகவரி வைக்கவும் வழி உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணைய முகவரி அமைக்கும் ஆய்வை 1990களின் பிற்பகுதியில் முன்னெடுத்தவர்களில் டான் டின் வீயின் குழுவும் ஒன்று. 2011ல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரி முடிவு நடப்புக்கு வந்தது. ஆனாலும் தமிழில் தட்டச்சு செய்யப் பழகாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆகவே ஆங்கில எழுத்து முகவரியைத் தலைவாசலாகவும், தமிழ் முகவரியைப் பக்கவாசலாகவும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

கதவு உடனே திறக்கவேண்டும்

பயனீட்டாளர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதற்கு ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 1993ல் மூன்று எல்லைகளை எழுதினார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் தடைபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். கைப்பேசிக் காலத்தில் பொறுமை இன்னும் குறைந்துவிட்டது. பக்கம் திறக்க மூன்று விநாடிக்குமேல் ஆனால் பாதிக்கும் மேற்பட்ட கைப்பேசி வருகைகள் கைவிடப்படுவதாகக் கூகல் 2016ல் தெரிவித்தது.

தளம் மெதுவாவதற்குப் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். ஆண்டு விழாவில் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறோம். கைப்பேசித் திரைக்கு அதில் சிறு பங்கு அளவே போதும். படங்களைச் சுருக்கி ஏற்றுவதற்குச் செலவு கிடையாது. தானாக ஓடும் காணொளி, வரவேற்பு இசை, முதல் பக்கத்தை மறைக்கும் அறிவிப்பு ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

தமிழ் எழுத்து விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கொம்பு, சுழி, புள்ளி என்று நம் எழுத்துகள் மேலும் கீழும் நீள்பவை. ஆங்கிலத்திற்கு அளவெடுத்த வரி இடைவெளியில் தமிழ் நெருக்கியடித்து நிற்கும். வரிகளைச் சற்றுத் தள்ளி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினால் மூக்குக் கண்ணாடியைத் தேடாமலேயே தாத்தா பாட்டி படிப்பார்கள். தமிழ் அறிவிப்பைப் படமாக ஏற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். படத்திலுள்ள சொற்கள் தேடலில் சரியாகச் சிக்குவதில்லை. பார்வை குன்றியவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அவை எட்டாமல் போகலாம்.

திரும்பி வரக் காரணம் வேண்டும்

ஒருவர் ஒரு தளத்திற்குத் திரும்பி வருவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மாறிக்கொண்டே இருக்கும் தகவல். இன்று என்ன காய்கறி வந்திருக்கிறது, பொங்கல் பானை எப்போது விற்பனைக்கு வரும், பிரதோஷப் பூசை எத்தனை மணிக்கு, வகுப்பு நடக்குமா நடக்காதா போன்றவை. அடிக்கடி மாற்றவேண்டும் என்பதைவிட, சொன்ன நாளில் மாற்றவேண்டும் என்பதே முக்கியம். வெள்ளிக்கிழமை காலை புதிய விலைப்பட்டியல் வரும் என்று தெரிந்தால், வெள்ளிக்கிழமை காலை பார்க்க வருவார்கள். இரண்டு வாரம் தவறினால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

இரண்டாவது, வேறு எங்கும் எளிதில் கிடைக்காத தகவல். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் நல்ல எடுத்துக்காட்டு. அதில் மினுமினுப்பு எதுவும் இல்லை. ஆனால் சிங்கப்பூரின் பழைய நாளிதழ்கள் அங்கே இருக்கின்றன. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் புரட்டலாம். ஒருமுறை அதன் பயனை உணர்ந்தவர் அடுத்த கேள்வி எழும்போது தானாகவே அங்கே போவார். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இதேபோலத்தான். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். எளிமையான அந்தப் பக்கங்களை உலகெங்கும் தமிழ் படிப்போர் இன்றும் நாடுகிறார்கள்.

மூன்றாவது, தன் கை பட்ட இடம் என்ற உணர்வு. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பிழையைத் திருத்தியவர், அந்தத் திருத்தம் நிலைத்ததா என்று பார்க்க மறுநாள் வருவார். ஒரு சங்கமும் இதைச் செய்யலாம். பழைய குழுப்படம் ஒன்றை ஏற்றி, “இதில் இருப்பவர்களை அடையாளம் காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் இருப்பவர், அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள்.

இந்த மூன்றில் ஒன்றையாவது தளம் கொடுக்கவேண்டும். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கமும் தலைவர் செய்தியும் மட்டும் இருந்தால், இரண்டாவது முறை வருபவர் படிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போதாதா?

பல சிறு கடைக்காரர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. செய்தியை உடனே கொண்டு சேர்க்க அவை சிறந்தவை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போட்ட விலைப்பட்டியலைப் பத்து நாள் கழித்துத் தேடிப் பாருங்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். சமூக ஊடகத்தில் நாம் வாடகைக்கு இருக்கிறோம். எதை யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்கிறது. ஆகவே செய்தியின் சுருக்கத்தை அங்கே சொல்லி, முழு விவரத்தைச் சொந்தத் தளத்தில் வைப்பது நல்லது.

நினைவூட்டல் அனுப்பும்போது சட்டத்தையும் மனத்தில் கொள்ளவேண்டும். 2012ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. வாடிக்கையாளரின் எண்ணையோ மின்னஞ்சலையோ வாங்கினால் எதற்காக என்று சொல்லவேண்டும், அவருடைய சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று பின்னர் சொன்னால் நிறுத்தவேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக வாங்கிய எண்களுக்குத் தள்ளுபடி விளம்பரம் அனுப்பும் பழக்கம் சட்டத்தோடு மோதும், வந்தவரின் நம்பிக்கையையும் கெடுக்கும்.

தளம் மறைந்தால் என்ன ஆகும்?

திரும்பி வரும் வாசகருக்குப் பெரிய ஏமாற்றம், தளமே இல்லாமல் போவது. ஒரு காலத்தில் தமிழர்கள் பலரும் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் மூடினால் செய்தியாகிறது. ஒரு சங்கத்தின் தளம் மறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது. முன்னாள் செயலாளரின் பெயரில் முகவரி பதிவாகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குப் போகும். அவர் பார்த்திருக்கமாட்டார். காலாவதியான முகவரியை வேறு யாரோ வாங்கி, சம்பந்தமில்லாத விளம்பரங்களைப் போடக்கூடும்.

நம் சமூகத்துக்கு இது சிறிய இழப்பு அல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. 2010ல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஒரு சங்கத்தின் மலர்கள், நாடகப் படங்கள், பேச்சுப் போட்டி முடிவுகள் ஆகியவை வேறு எவரிடமும் இருக்கப்போவதில்லை. 2015ல் சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்க வடிவம் பெற்றதற்குக் காரணம், யாரோ சிலர் அந்தப் புத்தகங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான்.

பாதுகாப்புக்கு ஒரு துணையும் இருக்கிறது. தேசிய நூலக வாரியம் சிங்கப்பூர் இணைய ஆவணகம் ஒன்றை நடத்துகிறது. 2019 முதல் டாட் எஸ்ஜி என்று முடியும் பொதுத் தளங்களைத் தனித்தனியே அனுமதி கேட்காமல் சேகரித்து வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. உள்ளூர் அமைப்புகள் டாட் எஸ்ஜி முகவரியைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் ஆவணகத்தில் இருப்பது நகல்தான். மூலப் படங்களையும் கோப்புகளையும் இரண்டு இடங்களில் சேமித்து வைப்பது அமைப்பின் பொறுப்பு.

உடனே பார்க்கவேண்டியவை

சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள், செயலவையில் இருப்பவர்கள் இவற்றைச் சரிபார்க்கலாம்.

• முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது? பொறுப்பு தனிநபரிடம் இல்லாமல் அமைப்பிடம் இருக்கவேண்டும். மறைச்சொல் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

• வீட்டுக்கு வெளியே, கைப்பேசித் தரவில் தளம் எத்தனை விநாடியில் திறக்கிறது?

• திறக்கும் நேரம், தொலைபேசி எண், வந்துசேரும் வழி ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்கின்றனவா?

• முதல் பக்கத்தில் உள்ள கடைசிச் செய்தியின் தேதி என்ன? சென்ற ஆண்டுத் தீபாவளி வாழ்த்து இன்னும் இருந்தால் கடை பூட்டிவிட்டது என்றுதான் வருபவர் நினைப்பார்.

• அடுத்த மாதம் ஒருவர் மறுபடியும் வந்தால் அவருக்கு என்ன புதிதாக இருக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வடிவமைப்பாளரைத் தேடிப் பணம் செலவழிக்கும் முன் அதை யோசித்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரம் தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். தளம் தொடர்ந்து உயிரோடு இருக்க முக்கியமாகத் தேவைப்படுவது அந்த ஒரு மணி நேரம்தான்.