ஹுனைனின் காலணிகள்

"ரஜஅ பி குஃப்பை ஹுனைன்" என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. "ஹுனைனின் இரு காலணிகளோடு திரும்பினான்" என்பது அதன் பொருள். ஹீரா நகரில் ஹுனைன் என்றொரு காலணித் தொழிலாளி இருந்தானாம். பாலைவனத்து அரபி ஒருவன் அவனிடம் ஒரு ஜோடிக் காலணியை நெடுநேரம் விலைபேசிவிட்டு, வாங்காமலே போய்விட்டான். சினங்கொண்ட ஹுனைன், அவன் போகும் வழியில் ஒரு காலணியையும், சற்றுத் தொலைவில் மற்றொன்றையும் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டான். முதலாவதைக் கண்ட அரபி, இணையில்லாத ஒன்று எதற்கு என்று கடந்து சென்றான். இரண்டாவதைக் கண்டதும், ஒட்டகத்தை அங்கேயே விட்டுவிட்டு முதலாவதை எடுக்கத் திரும்பினான். அதற்குள் ஹுனைன் ஒட்டகத்தோடு மறைந்துவிட்டான். வீடு சேர்ந்தவனிடம் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார்கள். அவன் சொன்ன விடையே பழமொழியாயிற்று.

என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தபோது இக்கதை என் நினைவுக்கு வந்தது. அவர் எடை நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரை நோயின் தொடக்கம் என்று கூறிய மருத்துவர், நடையில் தொடங்கி மெல்லோட்டத்துக்கு வருமாறு பணித்திருந்தார். கடையிலே, "உங்கள் உடம்புக்கு இதுதான் தாங்கும்" என்று மிகத் தடித்த, மிக மெத்தென்ற, மிக விலையுயர்ந்த காலணி ஒன்றைக் கொடுத்தார்களாம். மூன்றே வாரத்தில் பெருவிரல் நகம் கறுத்தது, முழங்கால் நொந்தது. "ஹஜ்ரத், என் உடம்புக்கு ஓட்டம் எழுதப்படவில்லை" என்றார். ஓட்டத்தை விட்டுவிட்டார். காலணி மட்டும் வீட்டில் இருக்கிறது.

கனத்த உடலுக்கு எத்தகைய காலணி பொருந்தும் என்னும் வினா நேற்றுப் பிறந்ததன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கடைக்காரரின் சொல்லைக் கேட்குமுன் அவ்வரலாற்றைக் கேட்பது நலம்.

அமெரிக்க இராணுவ மருத்துவர் மேஜர் எட்வர்ட் மன்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1908 முதல் நான்காண்டுகள் ஏறத்தாழ 2,000 போர்வீரர்களின் பாதங்களை ஆராய்ந்தனர். அதன் பயனாக 1912-இல் இராணுவத்துக்குப் புதிய காலணி அச்சு ஒன்று உருவாயிற்று. தோல் தொழிலைத் தலைமுறைகளாக அறிந்த ஆம்பூர், வாணியம்பாடி அன்பர்களுக்கு அச்சின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அச்சினும் சிறப்புடையது அளவெடுத்த முறை. வீரன் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு, முழு எடையும் ஒரே பாதத்தில் இறங்குமாறு நிற்க வேண்டும். அந்நிலையில்தான் பாதத்தை அளக்க வேண்டும் என்று அவ்வாண்டின் ஆணை விதித்தது. சுமை ஏறினால் பாதம் நீளும், அகலும் என்பதே காரணம்.

அரபு மொழி இதனை ஒரு சொல்லிலேயே அடக்கி வைத்திருக்கிறது. குதிரையின் கடினமான குளம்புக்கு "ஹாஃபிர்" என்று பெயர். ஒட்டகத்தின் மெத்தென்ற அடிக்கோ "குஃப்பு" என்று பெயர். நாம் காலில் அணியும் தோலுறைக்கும் அதே பெயர்தான். ஒட்டகம் காலை ஊன்றும்போது அவ்வடி அகன்று, பெருஞ்சுமையை மணலில் பரப்பி நிறுத்துகிறது. கனத்த மனிதனின் பாதத்திற்கும் அகலும் இடம் வேண்டும்.

ஆயினும் ஓட்டக் காலணிகள் நெடுங்காலம் மெலிந்தவர்களுக்காகவே செய்யப்பட்டன. எத்தியோப்பிய வீரர் அபிபி பிகிலா 1960-இல் உரோமாபுரியில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்றார். அத்தகையோருக்குக் காலணி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நன்று.

நிலைமை மாறத் தொடங்கியது நியூசிலாந்தில். ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர், தாமே காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் ஆக்லாந்து நகரின் நடுவயதினரையும், இருதய நோய் கண்டு தேறியவர்களையும் மெல்லோட்டம் ஓட வைத்தார். 1962-இன் இறுதியில் அங்குச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், மாரடைப்புகளைக் கடந்துவந்த எழுபது வயது தாண்டிய முதியவர் ஒருவரோடு ஈடுகொடுத்து ஓட முடியாமல் நாணினார். ஊர் திரும்பி ஓரிகனில் அவ்வழக்கத்தைப் பரப்பினார். இருதய மருத்துவர் ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து 1967-இல் மெல்லோட்டம் பற்றி நூலும் வெளியிட்டார். பருத்தவர்களும் முதியவர்களும் தெருவில் ஓட வந்தனர். காலணி இப்போது வேறு உடல்களைச் சுமக்க வேண்டியதாயிற்று.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. இரண்டரை மடங்கு என்று கொண்டால், 60 கிலோ உடையவருக்கு 150 கிலோ. 100 கிலோ உடையவருக்கு 250 கிலோ. ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் முறை இவ்வாறு நிகழ்கிறது. இதைத் தாங்கும்பொருட்டு 1970-களின் நடுவில் ஈ.வி.ஏ. என்னும் நுரைப்பொருள் காலணியின் நடுவடுக்கில் புகுந்தது. எண்ணற்ற நுண்குமிழ்களில் காற்றை அடைத்து வைத்த பொருள் அது. கனத்தவர் மிதிக்கும்போது அக்குமிழ்கள் மிகுதியாக நசுங்கும், விரைவில் தளரும். ஆகவே கனத்தவருக்கு இன்னும் தடித்த, இன்னும் மெத்தென்ற அடித்தளம் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

அமெரிக்காவில் 200 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களுக்கெனப் போட்டிகளில் தனிப் பிரிவே ஏற்பட்டது. "கிளைடஸ்டேல்" என்று அதற்குப் பெயரிட்டனர். அது பாரம் இழுக்கும் ஸ்காட்லாந்துக் குதிரையினத்தின் பெயர். நையாண்டி போலத் தோன்றினும், கனத்தவனும் களத்தில் ஓடத் தக்கவனே என்னும் மதிப்பு அதில் உண்டு. பாதம் உட்புறம் சாய்வதைத் தடுக்க உட்பக்கம் கெட்டியான நுரை பதித்த கனமான காலணிகள் வந்தன. 2009-இல் பிரான்சில் தோன்றிய ஹோக்கா நிறுவனம் மிகத் தடித்த அடித்தளத்தையே தன் அடையாளமாக்கிற்று.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

2009, 2010-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்பிரிவு ஆகியவற்றின் பயிற்சியாளர்களிடையே ஆய்வுகள் வெளிவந்தன. பாதத்தின் வடிவத்தைப் பார்த்து வெவ்வேறு காலணி பெற்றவர்களுக்கும், ஒரேவகைக் காலணி பெற்றவர்களுக்கும் காயமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2020-இல் லக்சம்பர்க் நாட்டு ஆய்வாளர்கள் 848 ஓட்டக்காரர்களுக்கு, தோற்றத்தில் ஒன்றும் மென்மையில் வேறுமான இருவகைக் காலணிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பகிர்ந்தளித்துக் கண்டதை வெளியிட்டனர். மொத்தத்தில் கடினமான காலணி அணிந்தோரே மிகுதியாகக் காயமுற்றனர். ஆனால் மென்மையின் பயன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்த பாதியினரிடத்தில்! எடை மிகுந்த பாதியினரிடம் அப்பயன் உறுதிப்படவில்லை. எடை மிகுந்தோர் என்று அங்குக் கூறப்பட்டவர் எல்லாரும் பெருத்த உடலினர் அல்லர் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். எனினும், "கனத்தவருக்கு மென்மையே மருந்து" என்னும் கடைத்தெருக் கணக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தெளிவு.

ஆகவே வரலாறு நம்மை மன்சனிடமே திருப்பி அனுப்புகிறது: முதலில் பாதத்தை அள. உட்கார்ந்து அளக்காதே, நின்று அள. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையோடு கடைக்குச் செல்லுதல் வேண்டும். இருகால்களையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்ப வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பக்கவாட்டில் நெருக்கினால், நீளத்தைக் கூட்டாமல் அகலமான அச்சில் செய்ததைக் கேட்க வேண்டும். அடித்தளம் அகன்றிருக்கட்டும்; ஒற்றைக்காலில் நிற்கும்போது ஒருபுறம் சரியும் மென்மை ஆகாது. கடையிலேயே சிறிது ஓடிப் பார்க்க வேண்டும். கனடா நாட்டு அறிஞர் பென்னோ நிக் 2015-இல் வலியுறுத்தியதும் இதுவே: தன் காலுக்குச் சுகமாக இருப்பதே ஒருவர் தேர்வதற்குரிய அளவுகோல். நுரை தளர்ந்து மடிப்பு விழுந்தால், மேற்புறம் புதிதாகத் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். கனத்தவர்களுக்கு அந்நாள் முந்தியே வரும்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு மங்கியவருக்குச் "சுகமாக இருக்கிறது" என்னும் சாட்சி செல்லாது. அவர் மருத்துவரிடம் காலைக் காட்டிய பிறகே காலணி தேட வேண்டும்.

என் மாணவரின் காலை நிற்க வைத்து, தாளில் பென்சிலால் வரைந்து, அவர் காலணியை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். இருபுறமும் காலின் கோடு காலணிக்கு வெளியே நின்றது. குற்றம் உடம்பினுடையதன்று. குறுகிய காலணி ஒன்றுக்காகத் தம் ஓட்டத்தையே அவர் கைவிட்டிருந்தார். அந்த அரபி இழந்தது காலணியையன்று, ஒட்டகத்தை. மாணவர் தம் ஒட்டகத்தைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார். இப்போதைக்கு நடைதான்.