தோலின் விலை

முகத்தில் சுருக்கம் விழுந்தால் வயதின் மேல் பழி போடுவது உலக வழக்கம். வயதைக் காட்டிலும் வெயிலுக்கே அதில் பங்கு அதிகம். எப்போதும் துணி மறைத்திருக்கும் இடத்துத் தோலைப் பார்த்தால் விளங்கிவிடும். இந்த வெயில் மூப்பை ஓரளவு பின்வாங்கச் செய்யும் களிம்பு ஒன்று உண்டு. டிரெடினாயின் என்று பெயர். வைட்டமின் ஏ-யின் அமிலம் அது. அதன் பூர்வ கதையைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

1951-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளிடையே சேற்றுப்புண் பரவிற்று. பென்சில்வேனியா சர்வகலாசாலையின் சரும வைத்தியர் ஆல்பர்ட் கிளிக்மனை அழைத்தார்கள். உள்ளே நுழைந்தவர் கண்ணுக்குப் பட்டது ஏக்கர் கணக்கான தோல்! கதாசிரியனின் கற்பனை என்று எண்ண வேண்டாம். 1966-ல் பத்திரிகை நிருபரிடம் அவரே சொன்னது.

பரிசோதனைகள் 1974 வரை நடந்தன. களிம்புகள், வாசனைப் பொருள்கள், டயாக்ஸின் என்ற கொடிய விஷம்கூட. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் விசாரணையே முடியாமல், ஜாமீன் கட்டப் பணமில்லாமல் கிடந்தவர்கள். முதுகைக் காட்டினால் சில டாலர் கிடைக்கும். சேர்த்து வைத்தால் ஜாமீனுக்கு ஆகும். காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், வாஸ்தவம்தான். அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அங்கே சோதித்தவற்றில் டிரெடினாயினும் ஒன்று. 1971-ல் முகப்பருவுக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதைப் பூசிக்கொண்ட நடுவயது ஸ்திரீகள், பருவோடு சுருக்கமும் குறைகிறதே என்றார்கள்! 1988-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் 30 பேருக்கு ஒரு முன்கையில் மருந்தும் மறு முன்கையில் வெறுங்களிம்புமாக 16 வாரம் பூசிப் பார்த்தார்கள். மருந்து பட்ட கை தேறிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் அதன் ரகசியம் வெளிப்பட்டிருந்தது: உயிரணுவுக்குள் இந்த அமிலத்தை ஏற்கும் புரதம், ஸ்டீராய்டு, தைராய்டு ஹார்மோன்களை ஏற்கும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. வைட்டமினாக உள்ளே போவது ஹார்மோனைப் போல் கட்டளையிடுகிறது. தோலைத் தாங்கும் கொல்லாஜன் மறுபடி உற்பத்தியாகிறது. அழகான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

1995-ல் சுருக்கத்துக்கும் அங்கீகாரம் வந்தது. ஹோம்ஸ்பர்க் சிறையை மூடியதும் அதே ஆண்டில்தான். 2000-ல் முன்னாள் கைதிகள் ஏறக்குறைய 300 பேர் வழக்குத் தொடுத்தார்கள். காலங்கடந்தது என்று தள்ளுபடியாயிற்று. நிரந்தரமான தீங்கு எதுவும் நேரவில்லை என்றே கிளிக்மன் கடைசிவரை சாதித்தார். பிலடெல்பியா நகரம் 2022 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டபோது, அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.