மூன்று லட்சத்துக்குள் நல்ல செகண்ட் ஹேண்ட் கார் எது?

நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவையாவது வரும் கேள்விதான் இது. கேட்ட ஐந்து நிமிடத்தில் பதினைந்து பேர் பதினைந்து பெயர் சொல்லிவிடுவார்கள். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அவரவர் வைத்திருக்கும் கார்தான் அவரவர் சிபாரிசு. என் பங்குக்கு நானும் ஒரு பெயர் சொல்வதைவிட, நம் பக்கத்தில் சின்னக் கார்கள் வந்த கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை அதில் பாதிக்கு மேல் இருக்கிறது.

கதையை ஆவடியிலேயே தொடங்கலாம். 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. தொழில்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. ஆவடி அதற்கு ஒரு கொள்கைப் பெயர் கொடுத்தது என்று சொல்லலாம். அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய கார்கள் மூன்றுதான்: கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்கு எப்போது கார் என்பதை ஒழுங்குபடுத்த 1959-ல் அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணையே போட்டது. புதுக் கார் வாங்கியவர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியில்லாமல் விற்கவும் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஓடிய கார், கடைவிலையில் கிடைக்கும் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது! கைக்கு உடனே வண்டி வருகிறதே, அதற்கான விலை. அன்றைக்குப் பழைய கார் வாங்கியவர் 'எது நல்ல கார்' என்று கேட்கவில்லை; கிடைத்ததை வாங்கினார். பிறகு அதை ஓட வைக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடினார்.

ஓட வைக்கும் சாமான்கள் எங்கிருந்து வந்தன? நம் சாலையிலிருந்துதான். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, பிரேக், சக்கரம் எல்லாம் இங்கே தயாரானது. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை 1959-லிருந்து. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபின், பெரிய கம்பெனிகளுக்கு நட்டும் போல்ட்டும் புஷ்ஷும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. பஸ் நிறுத்தங்களுக்கே லூகாஸ், டன்லப், டி.ஐ. சைக்கிள் என்று கம்பெனிப் பெயர்கள் வைத்த ஊர் நம்முடையது. கார் எந்த ஊரில் தயாரானாலும் அதன் ஏதாவது ஒரு பாகம் இந்தப் பக்கம் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு. கையில் தொழில் உள்ள மெக்கானிக்குகள் நம் சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு பேர் இருப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது ஸ்டாண்டர்டு கதைக்கு வருவோம், ஏனென்றால் பாடம் அதில்தான் இருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் மதராஸ்காரர்களின் சொந்தக் கம்பெனி மாதிரி. 1961-ல் ஹெரால்டு வந்தது. முன்பக்க பானெட் முழுவதையும் முன்னால் சாய்த்துத் திறந்துவிடலாம். எஞ்சினும் முன் சக்கரங்களும் கண்ணெதிரே நிற்கும். மெக்கானிக்குகளுக்கு அதைவிட வசதி வேறென்ன! 1972-ல் கெஸல். அதன்பின் 1985-ல் பெரிய ஆசையோடு ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை இறக்கினார்கள். வெளியுருவம் இங்கிலாந்தின் ரோவர். உள்ளே இருந்த எஞ்சின் பழைய வான்கார்டு காலத்து வம்சம். விலை அதிகம், எடுபடவில்லை. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. மிச்சம் கிடந்த உதிரிபாகங்கள் பல ஆண்டுகள் கழித்து ஏலம் போய், ரோவர் பாகங்கள் விற்கும் இங்கிலாந்துக் கடைக்குக் கப்பல் ஏறின. இங்கே கார் வைத்திருந்தவர்களோ புதுப்பேட்டையில் பழைய இரும்புக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கார் கெட்ட கார் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் போய்விட்டால் அது அனாதைதான்.

மாருதி இதற்கு நேர் எதிர். 1983 ஏப்ரலில் முன்பதிவு தொடங்கி இரண்டே மாதத்தில் சுமார் 1.35 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். டிசம்பர் 14-ஆம் தேதி முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி. எஞ்சின், விலை ரூ.47,500. 2014 வரை அந்த 800 தயாரானது. முப்பது ஆண்டுகள் ஒரே பெயரில் ஓடிய காருக்கு எந்தப் பெட்டிக்கடை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்.

அடுத்து வந்தது நம் வீட்டு வாசலிலேயே. பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் அங்கே ஆலை கட்டி 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை வெளியே விட்டது. கூரை உயர்ந்த அந்த உருவத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் உண்டு. புடவை கட்டிய பாட்டி குனியாமல் ஏறி உட்கார முடிந்தபோது சிரிப்பு அடங்கியது. 2003-ல் ஜிங், 2007-ல் ஐ10. நம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று நடந்தால் டி.என். 12, டி.என். 13 எண்களோடு இன்னமும் இவற்றைப் பார்க்கலாம்.

சான்ட்ரோ வந்த அதே 1998-ல் டேவூவின் மாட்டிஸும் வந்தது. ஓட்டியவர்கள் இன்றைக்கும் புகழ்வார்கள். ஆனால் கொரியாவில் டேவூ திவாலானது, இங்கேயும் கடையைக் கட்டியது. அதே வம்சத்துக் கார் 2007-ல் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் திரும்பி வந்தது. 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் விற்பதை நிறுத்திவிட்டது. ஒரே கார் இரண்டு தடவை அனாதையானது! மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவும் இந்த வரிசைதான். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஃபிகோ திடமான கார், சர்வீஸும் பாகங்களும் தொடர்கின்றன, விலையும் மலிவாகச் சொல்வார்கள். அந்த மலிவுக்குக் காரணம் என்ன என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை. முன்பணம் கொடுக்குமுன் உங்கள் மெக்கானிக்கிடம் ஹெட்லைட், கிளட்ச் செட், ஏ.சி. கம்ப்ரஸர் மூன்றுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விலை விசாரிக்கச் சொல்லுங்கள். 'ஆர்டர் போட்டு வரவழைக்கணும்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். மாடல் நின்று போனதற்காகப் பயப்பட வேண்டாம்; 800 நின்றுவிட்டது, பழைய ஐ10-உம் நின்றுவிட்டது, சாமான் கிடைக்கிறது. கம்பெனியே போய்விட்டதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் தண்ணீரில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீரில் மூழ்கிய கார்கள் எங்கே போயின? இன்சூரன்ஸ் கம்பெனி முழுச் சேதம் என்று எழுதிவிட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போகும். அவற்றில் சில துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி ரோட்டுக்கு வரும். எஞ்சினைச் சரி செய்துவிடலாம். ஒயரிங்குக்குள் இறங்கிய ஈரம் இரண்டு மழைக்காலம் கழித்து வேலையைக் காட்டும். ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருப்பதை மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்சீட் நகரும் தண்டவாளம், மிதியடிக்கு அடியில் உள்ள கார்பெட் ஆகியவற்றிலும் துரு, மண், புழுங்கல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.யை நிறுத்திவிட்டு முகருங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் 2015 டிசம்பருக்கோ 2023 டிசம்பருக்கோ அடுத்த மாதங்களில் பெரிய பில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2006 பட்ஜெட்டில்தான் 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் என்று 'சின்னக் கார்' வரிச் சலுகைக்காக வரையறுக்கப்பட்டது. அதே அளவுக் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும். பேரம் பேசும்போது, விற்பவர் அன்று கொடுத்த விலையை விட்டுவிட்டு, அந்தக் காரோ அதற்கு ஈடானதோ இன்று ஷோரூமில் என்ன விலை என்பதை வைத்துப் பேசுங்கள். முடிந்தால் 2019 ஜூலைக்குப் பிந்திய வண்டியாகப் பாருங்கள். ஓட்டுநருக்கு ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது அப்போதிருந்துதான். பதினைந்து வயதை நெருங்கும் வண்டியென்றால் எஃப்.சி.க்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000, பசுமை வரி, அதற்கு முந்தைய டிங்கரிங் செலவு எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக ஆர்.சி. இது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும். நம்மில் பலர் புரோக்கரை நம்பிப் படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். 2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கைக் கேளுங்கள். பின்னோக்கி எடுத்த கார் நடந்து போனவர்கள் மீது மோதி ஒருவர் இறந்தார். காரின் சொந்தக்காரர் அதை 2007-லேயே விற்றிருந்தார். அதன்பின் வண்டி அடுத்தடுத்துக் கை மாறியது, ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பானது. கார் கையை விட்டுப் போய் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியும் அவருக்கு இந்த நிலை.

சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேளுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. பழைய கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்தபிறகே மீதிப் பணம். டீலரிடம் விற்பதானால் அவர் ஆர்.டி.ஓ.வில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டவரிடம் படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்தால், அடுத்த ஆள் வாங்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

பெயர் மாறிய ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பழைய வண்டியின் ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். விற்றுப்போன வண்டிகளின் எண்கள் நம் பதிவேட்டிலும் இன்னும் நிறையவே கிடக்கின்றன.