சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகள்

சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகள் எனப்படுபவை, சிங்கப்பூர் ஆற்றின் இரு கரைகளிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் கட்டப்பட்ட சரக்குக் கிடங்குகளும் அவற்றை ஒட்டிய கடைவீடுகளும் ஆகும். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என மூன்று பகுதிகளில் இவை அமைந்துள்ளன. படகுப் போக்குவரத்து நின்ற பின்னர் இவற்றுள் பல சீரமைக்கப்பட்டு உணவகங்களாகவும் கடைகளாகவும் கலைக்கூடங்களாகவும் பயன்பட்டு வருகின்றன.

சொல்

ஆங்கிலத்தில் கிடங்கைக் குறிக்கும் 'கொடவுன்' என்ற சொல் மலாய் மொழியின் 'குடாங்' வழியாகச் சென்றது என்றும், அதன் மூலம் தமிழ்ச் சொல்லான 'கிடங்கு' அல்லது அதற்கு இணையான தெலுங்குச் சொல் என்றும் கருதப்படுகிறது. சிங்கப்பூரில் 'கிட்டங்கி' என்ற வடிவம் வேறொரு பொருளையும் பெற்றது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய நீண்ட கூடமே அங்கு கிட்டங்கி எனப்பட்டது. ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டகமும் தரையில் அமர்ந்து கணக்கெழுதத் தாழ்ந்த மேசையும் இருந்தன. இரவில் அதே இடம் படுக்குமிடமாகவும் ஆனது.

வரலாறு

பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய இயலாது. எனவே அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, தொங்கான் முதலிய சரக்குப் படகுகள் அரிசி, மிளகு, காப்பி, பிற்காலத்தில் ரப்பர் ஆகியவற்றைக் கரை சேர்த்தன. தொடக்க காலப் படகோட்டிகளுள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முசுலிம்கள் ஆவர். இவர்கள் சூலியா எனப்பட்டனர். பின்னர் இத்தொழில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. போட் கீக்குப் பின்புறமுள்ள சூலியா வீதி இவர்களின் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் முன்னைய பெயர் 'கிளிங் வீதி'. அச்சொல் இழிவானது என இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1920களின் தொடக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது.

1869இல் கட்டப்பட்ட காவனா பாலம் மிகத் தாழ்வாக இருந்தது. கடல் ஏற்றத்தின்போது படகுகள் அதனடியில் செல்ல முடியாமல் நீர் வற்றும் வரை காத்திருக்க நேர்ந்தது.

கொள்கலன் கப்பல்கள் பெருகியதும் ஆற்றுப் படகுகளின் தேவை குறைந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ ஆற்றைப் பத்து ஆண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் எனப் பணித்தார். தெருவோர வணிகர்கள், குடிசைவாசிகள், பன்றி, வாத்துப் பண்ணைகள் ஆகியோரும் அவையும் வேறிடங்களுக்கு மாற்றப்பட, நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குச் சென்றன. பணி 1987இல் நிறைவுற்றது. ஆறு தூய்மையானது, ஆனால் கிடங்குகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பாதுகாப்பும் சீரமைப்பும்

1970கள் வரை நகர மையத்தில் பழைய கட்டடங்களை இடித்து உயர்மாடிகள் கட்டுவதே நடைமுறையாக இருந்தது. மார்க்கெட் வீதியின் கிட்டங்கிகள் அவ்வாறே மறைந்தன. அதிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவிலுள்ள போட் கீ தப்பியதற்குக் காலம் தாழ்ந்ததே முதன்மைக் காரணம் எனலாம். 1989 சூலை 7 அன்று போட் கீ, கிளார்க் கீ ஆகியவை பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

நகரச் சீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி மூன்று கூறுகளைக் கொண்டது: இயன்றவரை பழையதை வைத்துக்கொள்ளல், உணர்ந்து மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். பொறியியல் நோக்கில் மூன்றாவதே கடினமானது. பழைய செங்கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளிவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல் உதிரத் தொடங்கும். ஆற்றங்கரையில் நிலத்தடி ஈரமும் மிகுதி. அரிசி மூட்டைகளுக்காக அமைக்கப்பட்ட மரத்தளம் பெருங்கூட்டத்தையும், சமையற்கூடத்தையும், தீத்தடுப்பு விதிகளையும் தாங்குமாறு வலுப்படுத்தப்பட வேண்டும்.

கிளார்க் கீயின் கிடங்குகள் ஒரே நிறுவனத்தால் மொத்தமாகச் சீரமைக்கப்பட்டு 1993 திசம்பரில் திறக்கப்பட்டன. போட் கீயில் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனி உரிமையாளரால் சீரமைக்கப்பட்டது. அதனாலேயே அதன் வரிசை இன்றும் சற்று ஒழுங்கற்றும் இயல்பாகவும் தோன்றுகிறது. கிளார்க் கீயில் 2006 அளவில் தெருக்களின்மேல் ஒளி ஊடுருவும் பெருங்குடைகள் நிறுவப்பட்டன. இவை வெயிலையும் மழையையும் தடுத்தாலும், கிடங்குகளின் ஓட்டுக் கூரைகளைப் பார்வையிலிருந்து ஓரளவு மறைக்கின்றன. ராபர்ட்சன் கீயில் 19ஆம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்று 2002இல் அச்சுக்கலை நிறுவனமாக மாற்றப்பட்டது.

விமர்சனம்

சுவர்கள் காக்கப்பட்டன, தொழிலும் மக்களும் காக்கப்படவில்லை என்பதே இத்திட்டத்தின் மீதான முக்கியக் குறை. ஆற்றோர நடைபாதை அனைவருக்கும் திறந்திருந்தாலும், கட்டடங்களுக்குள் பெரும்பாலும் பணம் செலவிடுவோர்க்கே இடமுண்டு. இவ்வகையில் இலங்கையின் காலிக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் காலப் பெருங்கிடங்கு மாறுபட்டது. அது கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 2004 ஆழிப்பேரலையில் சேதமுற்று, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. கொச்சிக் கோட்டையின் ஆசுபின்வால் மாளிகை வளாகம் 2012 முதல் ஈராண்டுக் கலைக் கண்காட்சிக்குப் பயன்பட்டுள்ளது.

2008இல் மரீனா தடுப்பணை அமைந்தபின் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவதில்லை. காவனா பாலம் இப்போது நடந்து செல்வோருக்கு மட்டும் திறந்துள்ளது. பாலத்துக்கு அருகே ஆற்றோரத்தில், செட்டியார் ஒருவரையும் இக்கால நிதித்துறையினரையும் ஒன்றாகக் காட்டும் வெண்கலச் சிற்பத்தொகுதி உள்ளது.