மானமும் மேற்பார்வையும்: பரீட்சை நேர்மை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பரீட்சை என்பது அறிவை அளக்கும் கருவி மட்டுமன்று. ஒரு சமூகம் தன் இளைஞரை எவ்வளவுக்கு நம்புகின்றது என்பதைக் காட்டும் கண்ணாடியுமாகும். நோக்குநரை நிறுத்தி மாணவரைக் காவல் செய்வது ஒரு முறை. பிறர் உதவியைப் பெறவில்லை என்று மாணவரிடமே எழுத்தில் உறுதிபெற்று, அவரை நம்பி எழுதவிடுவது மற்றொரு முறை. பின்னதனை மானநெறி எனலாம். மானநெறி பரீட்சை மோசடியைக் குறைக்க வல்லதா, வல்லதாயின் எத்தகைய சூழலில் என்பதை ஆராய்ந்து, அதனை வன்னி மண்ணின் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானநெறியின் வரலாற்றில் முதன்மையாகப் பேசப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம். தோமஸ் ஜெபர்சனால் 1819இல் நிறுவப்பட்ட அங்கு, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே தொடக்கம் முதலே பகைமை நிலவிற்று. 1840இல் முகமூடி அணிந்த மாணவன் ஒருவனால் பேராசிரியர் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்நெருக்கடியின் பின்னர், 1842இல் பேராசிரியர் ஹென்றி ரக்கர் முன்மொழிந்த தீர்மானத்தின்படி, விடைத்தாளில் மாணவர் உறுதிமொழி எழுதும் வழக்கம் தோன்றியது. நாளடைவில் அதனைக் காக்கும் பொறுப்பு மாணவர் கைக்கே வந்தது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகமும் 1893இல் இத்தகைய நெறியை மேற்கொண்டது.

ஆயினும் அம்மானத்தின் வர்க்க அடித்தளத்தை நாம் மறத்தலாகாது. வேர்ஜீனியாவின் அன்றைய மாணவர் பெரும்பாலும் அடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பங்களின் புதல்வர். சமநிலையினர் எனத் தாம் ஏற்றுக்கொண்டவருக்கே அவர்கள் வாக்குத் தவறாதிருக்கக் கடமைப்பட்டனர். அப்பல்கலைக்கழகத்தைக் கட்டியும் பேணியும் வந்த அடிமைகள் அவ்வட்டத்துள் இல்லை. எனவே மானநெறி தனிமனித ஒழுக்கத்திலிருந்து முகிழ்த்தது என்பதினும், ஒரு குழுவின் பரஸ்பரக் கட்டுப்பாட்டிலிருந்து முகிழ்த்தது என்பதே பொருந்தும்.

அந்நெறி தோற்ற இடங்களும் உள. வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலிருந்து 1951இல் ஏறத்தாழ 90 பயிலுநர் பரீட்சை மோசடிக்காக நீங்க நேர்ந்தது. 1976இல் அங்கு மீண்டும் பெருமோசடி வெளியாயிற்று. வேர்ஜீனியாவிலேயே 2001இல் பௌதிகவியற் கட்டுரைகளைக் கணினி கொண்டு ஒப்பிட்டபோது நூற்றுக்கு மேற்பட்டோர் ஐயத்துக்குள்ளாயினர். குற்றவாளியை நிரந்தரமாக நீக்குதல் என்ற ஒரே தண்டனையை அங்குள்ள மாணவர் 2022இல் தம் வாக்கினால் மாற்றினர்.

ஆய்வுகள் கூறுவது யாது? 1964இல் வெளிவந்த பவர்ஸ் என்பாரின் ஆய்வில், 99 கல்லூரிகளைச் சேர்ந்த 5000க்கு மேற்பட்ட மாணவருள் ஏறக்குறைய முக்காற்பங்கினர் ஏதோவொரு நேர்மையீனத்தை ஒப்புக்கொண்டனர். 1993இல் மக்கேபும் ட்ரெவினோவும் 31 நிறுவனங்களை ஆராய்ந்து, மானநெறியுள்ள இடங்களில் மோசடி பொதுவாகக் குறைவு எனக் கண்டனர். ஆனால் அதனினும் வலிய காரணி சகமாணவரின் நடத்தையே என்பதும் அவர்தம் முடிபு. நெறியிருந்தும் மோசடி மிக்க கல்லூரியும், நெறியின்றியே மோசடி குறைந்த கல்லூரியும் அவ்வாய்வில் இடம்பெற்றன. படிவத்தின் தலைப்பில் கையொப்பமிடுவதே பொய்யைக் குறைக்கும் எனப் புகழ்பெற்ற 2012ஆம் ஆண்டு ஆய்வோ, அதன் தரவுகள் புனையப்பட்டவை என்ற காரணத்தால் 2021இல் மீளப்பெறப்பட்டது. ஆகவே கையொப்பத்துக்கு மந்திர ஆற்றல் ஏதுமில்லை.

இனி எமது நாட்டை நோக்குவோம். இங்கு பரீட்சை, காவலும் தண்டனையும் சார்ந்தே வளர்ந்தது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப்பரீட்சைச் சட்டம் இதற்குச் சான்று. பல்கலைக்கழக இடங்கள் மிகச் சிலவாகவும் அவற்றை நாடுவோர் பலராகவும் இருந்தமையால், பரீட்சை கல்வியின் அளவுகோலாக அன்றி வாழ்வின் பங்கீட்டு அட்டையாக மாறிற்று. தமிழ்ப் பரீட்சகர் தமிழ் மாணவருக்கு வேண்டுமென்றே புள்ளிகளை மிகைப்படுத்தினர் என்ற குற்றச்சாட்டு 1970இல் எழுந்தது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் 1971இன் பொறியியல் அனுமதிக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. மாணவரின் நேர்மை மட்டுமன்றிப் பரீட்சகரின் நேர்மையும் ஐயத்துக்குள்ளான காலம் அது.

தொடர்ந்து 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. இதன் விளைவை அறிய உருத்திரபுரம் தக்க எடுத்துக்காட்டு. இரணைமடுக் குளத்து நீரை நம்பிய இக்குடியேற்றக் கிராமம் கல்வி வசதியில் வன்னியின் நிலையையே ஒத்தது. ஆயின் நிர்வாகத்தில் அன்று யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியது. வயலில் இறங்கிய பின்னர் பாடசாலை செல்லும் பிள்ளை, யாழ்நகரின் பெருங்கல்லூரி மாணவரோடு ஒரே பங்கீட்டில் போட்டியிட நேர்ந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமான பின்னரே இந்நிலை மாறிற்று. அப்பொழுது வேறொரு சிக்கல் தோன்றிற்று: குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி, வசதிமிக்க இடங்களில் பயின்றோர் பின்தங்கிய மாவட்டங்களின் பதிவைத் தேடலாயினர். விடைத்தாளில் ஒரு வரியேனும் பார்த்தெழுதாத மாணவனும் முகவரியினால் இன்னொருவனின் இடத்தைப் பறித்தல் கூடும். நோக்குநரின் கண் இதனை எவ்வாறு காணும்?

காவலின்றி நேர்மை நிலைக்கும் வழியை அறிய வேர்ஜீனியா வரை செல்லவேண்டியதில்லை. உருத்திரபுரத்து எட்டாம் வாய்க்கால் வரை சென்றாலே போதும். சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எம்முறையில் நீர் விடுவது என்பன கூட்டம் கூடி முடிவு செய்யப்படுகின்றன. வாய்க்காலின் தலைப்பகுதியிலுள்ள கமக்காரன் நள்ளிரவில் மடையைத் திறந்தால் தடுப்பார் அங்கு எவருமிலர். மீறல்கள் நிகழாமலில்லை. எனினும் முறை பெரும்பாலும் பேணப்படுவதற்குக் காரணம் உண்டு. விதியை ஆக்கியவர்களே அதற்குக் கட்டுப்பட்டவர்கள். பங்கு நியாயமானது என்பதை அவர்கள் கண்ணாரக் காண்கின்றனர். கடைப்பகுதியில் வாடும் பயிர் எவருடையது என்பதையும் அறிவர்.

இம்மூன்றும் எமது பரீட்சை மண்டபத்தில் இல்லை. விதியை ஆக்குவதில் மாணவருக்குப் பங்கில்லை. பங்கீடு நியாயமானது என்ற நம்பிக்கை பலமுறை சிதைந்தது. மோசடியால் இடமிழப்பவன் முகமற்ற ஒரு சுட்டெண்ணாகவே இருக்கின்றான். இந்நிலையில் உறுதிமொழித் தாளை மட்டும் இறக்குமதி செய்வது, நீரற்ற வாய்க்காலுக்கு மடை கட்டுவதை ஒக்கும்.

ஆதலின் மானநெறி மோசடியைக் குறைக்குமா என்ற வினாவுக்கு விடை, அதனை யார் ஆக்குகின்றனர், யார் காக்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது. எமது பல்கலைக்கழகங்கள் ஒழுக்காற்று விசாரணையில் மாணவப் பிரதிநிதிகளுக்கு உரிய இடம் அளித்தல் வேண்டும். புள்ளியிடும் முறையை ஒளிவுமறைவின்றி விளக்குதல் வேண்டும். விதிகளைப் புதுமுக மாணவரோடு கலந்தாராய்ந்து வகுத்தல் வேண்டும். மாணவராகிய நாமும், பார்த்தெழுதும் நண்பனைக் காட்டிக்கொடாமையே நட்பு என்ற எண்ணத்தைக் கைவிடுதல் வேண்டும். அவன் பெறும் மிகைப்புள்ளி எவரோ ஒருவரின் வயலுக்குப் பாயவேண்டிய நீராகும்.