48-ஆம் விதி பிறந்த கதை

2010 மார்ச் 7, பிட்ஸ்பர்க். பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் மார்க் சவார்ட் கோலை நோக்கிப் பக்கை (ரப்பர் வட்டை) அடித்துவிட்டு, அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்குவின்ஸ் அணியின் மாட் குக், அவர் கண்ணில் படாத பக்கமாக வந்து தலையில் மோதினார். பனித்தரையில் விழுந்த சவார்டை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். மூளை அதிர்ச்சி. குக்குக்கு ஒரு நிமிடத் தண்டனைகூட விழவில்லை.

ஐஸ் ஹாக்கியில் உடம்பால் இடிப்பது ஆட்டத்தின் அங்கம். முழங்கையால் தாக்கக் கூடாது, முதுகுப் பக்கமிருந்து பலகைச் சுவரில் மோதக் கூடாது, பக்கை விட்டு வெகுநேரம் ஆனவரைத் தொடக் கூடாது. ஆனால் பக்கை விட்ட மறுகணமே தோளால் இடித்து, அது தலையில் பட்டால்? வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்.லின் அப்போதைய விதிப்புத்தகத்தில் அது குற்றமாகவே இல்லை. 2000-ல் ஸ்காட் ஸ்டீவன்ஸ் இடித்து எரிக் லிண்ட்ராஸ் நினைவிழந்து விழுந்ததும் அப்படிப்பட்ட 'சுத்தமான' அடிதான். 2009 அக்டோபரில் மைக் ரிச்சர்ட்ஸ் இடித்து ஃப்ளோரிடா அணியின் டேவிட் பூத் மாதக்கணக்கில் ஆட முடியாமல் போனார். அதற்கும் தடை இல்லை.

சவார்ட் விழுந்த மறுநாளே ஃப்ளோரிடாவின் போகா ரேட்டனில் அணிகளின் பொது மேலாளர்கள் கூடினார்கள். பூத் விழுந்ததிலிருந்தே தலையடி பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. இப்போது தள்ளிப்போட வழியில்லை. பார்வைக்கு எட்டாத பக்கமிருந்து தலையைக் குறிவைத்து இடிப்பதைத் தடை செய்யப் பரிந்துரைத்தார்கள். அதே வாரத்தில், ஒழுங்கு நடவடிக்கைகளைக் கவனித்த காலின் கேம்ப்பெல் குக்குக்குத் தடை இல்லை என்று அறிவித்தார். ரிச்சர்ட்ஸைத் தண்டிக்காதபோது இவரை எப்படித் தண்டிப்பது என்பது அவர் வாதம். முன்னால் ஒருவரை விட்டுவிட்டதே அடுத்தவரை விடக் காரணமாகும் நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

புது விதி என்றால் அடுத்த சீசன்வரை காத்திருப்பதுதான் வழக்கம். இந்த முறை வீரர்கள் சங்கமும் சம்மதிக்க, மார்ச் மாதக் கடைசியிலேயே இத்தகைய அடிக்குத் தடை விதிக்கும் அதிகாரம் வந்தது. 2010-11 சீசனில் அது 48-ஆம் விதியாகப் புத்தகத்தில் ஏறியது: ஐந்து நிமிடத் தண்டனை, ஆட்டத்திலிருந்து வெளியேற்றம்.

சவார்டுக்கு அது உதவவில்லை. 2010 மே மாதம் ஆட வந்து, பிலடெல்ஃபியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டார். 2011 ஜனவரியில் டென்வரில் இன்னொரு மோதல், மறுபடி மூளை அதிர்ச்சி. 33 வயதில் அவர் ஆட்டம் முடிந்தது.

விதியிலும் ஓட்டை இருந்தது. நேர் எதிரே வந்து தலையில் இடித்தால் அது பொருந்தாது. 2011-ல் திசை பற்றிய அந்த வரம்பை எடுத்தார்கள். அதே ஆண்டு பிரெண்டன் ஷனஹன் தலைமையில் வீரர் பாதுகாப்புத் துறை பிறந்தது. ஒவ்வொரு தடைக்கும் காரணத்தை வீடியோவில் விளக்கும் வழக்கமும் தொடங்கியது. ரசிகனும் வீரனும் ஒரே காட்சியைப் பார்த்து எது தவறு என்று தெரிந்துகொள்ள முடிந்ததை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன்.

2011 மார்ச்சில் குக் மீண்டும் ஒருவரின் தலையில் முழங்கையால் தாக்கினார். இந்த முறை சீசனில் மிஞ்சிய 10 ஆட்டங்களும் பிளேஆஃப் முதல் சுற்றும் பறிபோயின. அந்த சீசனில் 129 ஆக இருந்த அவரது தண்டனை நிமிடங்கள் அடுத்த சீசனில் 44 ஆகக் குறைந்தன. அதே சீசனில் 19 கோல்களும் போட்டார்.