கொசுவிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

எங்க களமருதூர் பக்கம் சாயங்காலம் ஆனா வேப்பிலைப் புகை போடுவாங்க. என்ன கொசு, எத்தனை நாள் கொசு என்று யாரும் கேட்டதில்லை. கடிச்சா கொசு, அவ்வளவுதான். ஆனால் மலேரியாவின் வரலாற்றைப் படித்தால், அதில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டியதுதான்.

ரொனால்டு ராஸ் 1895-லிருந்து செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். மனித மலேரியாவைப் பரப்பாத கியூலெக்ஸ், ஏடிஸ் வகைகளே அவர் கையில் அகப்பட்டதால் ஒன்றும் தெரியவில்லை. 1897 ஆகஸ்டில்தான் இறக்கையில் புள்ளியுள்ள பழுப்புக் கொசு, அதாவது அனாபிலஸ், கிடைத்தது. புழுவிலிருந்து வளர்த்த கொசுக்கள். 16-ம் தேதி உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டார். 20-ம் தேதி ஒன்றை அறுத்தபோது இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள் கொண்ட செல்கள். மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெரிசா இருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது! இனம் சரியாக அமைந்தது, கடித்த நாளும் தெரியும். அதனால்தான் விடை கிடைத்தது.

வயசு ஏன் முக்கியம்? கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சுமார் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். அதுக்குள்ள செத்துப்போகும் கொசுவால் ஆபத்தில்லை. கிழட்டுக் கொசுதான் எமன். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரஷ்ய ஆய்வாளர் டெட்டினோவா சூலகத்தைப் பார்த்தார். முட்டையிடாத கொசுவில் அங்குள்ள நுண்ணிய மூச்சுக்குழல்கள் சுருண்டிருக்கும். ஒருமுறை முட்டை முதிர்ந்தால் விரிந்துவிடும், திரும்பச் சுருளாது. சுவரில் டி.டி.டி. அடித்ததன் கணக்கும் இதுதான்: எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டாம், கிழடாக விடாமல் இருந்தால் போதும்.

இனம் பற்றிய கேள்வி நம்ம ராமேஸ்வரத்தில் மறுபடியும் எழுந்தது. கிராமப்புற மலேரியாவின் முக்கியக் கடத்தி அனாபிலஸ் கியூலிசிபேசிஸ். அது ஒரே இனமில்லை, பார்வைக்கு வித்தியாசமே தெரியாத இனங்களின் கூட்டம். தீவில் இருந்தது 'பி' இனம் என்றார்கள். 'பி' மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ஆனால் காய்ச்சல் மட்டும் தொடர்ந்தது. ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தபோதுதான் 'பி' என்ற பெயருக்குள் இரண்டு வகை ஒளிந்திருந்தது புரிந்தது. நோய் பரப்பிய வகைக்கு 1999-ல் 'ஈ' என்று பெயர் வைத்தார்கள். 'பி'தானே என்று விட்டிருந்தால் குற்றவாளி தப்பியிருப்பான்.

சென்னை வீட்டுத் தொட்டியில் வளரும் ஸ்டீபன்சி வேறு, மலை ஓடையில் வளரும் அனாபிலஸ் வேறு. தொட்டிக்கு மூடி போட்டால் முதலாவது அடங்கும். கல்வராயன் மலை ஓடைக்கு யார் மூடி போடுவது? கொசுவின் பெயர் தெரியாமல் மருந்தடிப்பது இருட்டில் கல்லெறிகிற மாதிரிதான்.